தம்பிக்கு, ஸ்பிரிட் அடுப்பு பற்றி

ஸ்டாக்ஹோம்

அன்புள்ள தம்பிக்கு,

ஜூலையில் வந்ததும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இடத்துக்குக் கவலையில்லை. சுவீடனில் அடுத்தவர் நிலமானாலும், வீடுகளை விட்டுத் தள்ளி ஓரிரு இரவு தங்கலாம். அடுப்பைத்தான் நீ முதலில் பழகிக்கொள்ள வேண்டும். கோடையில் காடு காய்ந்துவிட்டால் நெருப்புக்குத் தடை போடுவார்கள். அப்போது விறகு மூட்ட முடியாது. சின்ன அடுப்புக்கு அனுமதி உண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும். அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இங்கே பலரும் வைத்திருப்பது டிராங்கியா அடுப்பு. 1925இல் தொடங்கிய அதே பெயருள்ள சுவீடன் கம்பெனி செய்வது. உள்ளங்கையில் அடங்குகிற இரட்டைச் சுவர் பித்தளைக் கிண்ணம்தான் பர்னர். சுற்றிலும் அலுமினியக் காற்றுத் தடுப்பு, அதற்குள் பாத்திரம் உட்காரும். பம்பு, வால்வு எதுவும் கிடையாது என்பதால் நடுக்காட்டில் பழுதாவதற்கும் ஒன்றுமில்லை. 27 என்ற எண் போட்டது ஒருவர் இருவருக்கு. நாம் நான்கு பேர், 25தான் சரி.

எரிபொருள் எரிசாராயம், அதாவது ஸ்பிரிட். இங்கே பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும், அங்கிருந்து எடுத்து வராதே. விமானத்தில் விட மாட்டார்கள். பர்னரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. அந்த அளவு சுமார் 25 நிமிடம் எரியும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க பத்து நிமிடம் போல ஆகும், 35 முதல் 40 மில்லி செலவாகும். கேஸை விட மெதுதான். எடைக்கு எடை பார்த்தால் கேஸ் தரும் சூட்டில் அறுபது சதவீதம் அளவுதான் சாராயம் தரும்.

பற்றவைத்ததும் நடுவில் மட்டும் சோம்பலாக எரியும். பழுது என்று நினைத்துவிடாதே. பித்தளை சூடேறி, இரண்டு சுவருக்கும் நடுவே உள்ள சாராயம் ஆவியாகி, விளிம்புத் துளைகளில் ஒவ்வொன்றாகத் தீப்பிடித்து வட்டமாக விரியும். முழுச் சூடு அதற்குப் பிறகுதான். காற்றுத் தடுப்பின் அடிப்பாகத்தில் துளைகள் இருக்கும் பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வை. குளிர்ந்த காலையில் குச்சியைக் காட்டினாலும் சட்டென்று பற்றாது; சுமார் 15 டிகிரிக்குக் கீழே போதிய ஆவி எழுவதில்லை. பாட்டிலைக் கொஞ்ச நேரம் கோட்டுக்குள் வைத்திருந்தால் போதும். பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் சாராயத்தில் பத்தில் ஒரு பங்கு வரை தண்ணீர் கலக்கலாம். அதற்கு மேல் கலந்தால் சூடு போய்விடும்.

இனி சொல்வதை இரண்டு முறை படி. வெயிலில் இந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றப் போனால், தீ ஊற்றும் தாரையிலேயே ஏறிப் பாட்டிலுக்குள் போய்விடும். விபத்துகளில் மோசமானது இதுதான். பர்னர் கையால் தொட்டுத் தூக்கும் அளவுக்கு ஆறிய பிறகுதான் மறுபடி ஊற்ற வேண்டும். அதனால் பாதிச் சமையலில் தீர்ந்துபோகாதபடி முதலிலேயே அளந்து ஊற்றிக்கொள்.

அணைக்க ஊதாதே. பர்னரோடு வரும், தீயைக் குறைக்கும் வளையத்தின் தகட்டை மூடி, பாத்திரம் பிடிக்கும் இடுக்கியால் பர்னர் மேல் வைத்தால் அணைந்துவிடும். மீதிச் சாராயம் சிந்தாமல் பர்னரை மூடும் திருகு மூடியை மட்டும் சூட்டோடு போடக் கூடாது. அதற்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது உருகினால் அடுத்த நாள் பை முழுக்கச் சாராயம்தான்.

மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் பற்றவைக்கக் கூடாது. தீயும் பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு வாசனை கிடையாது.

வரும்போது பழைய பருத்தித் துணி இரண்டு எடுத்து வா. பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது நடுவில் வைக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கும் வழியெல்லாம் கடகடவென்று சத்தம் போடும்.

அன்புடன்,
அக்கா