ஞாயிறு மாலை கவிதை வாசிப்பு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை சரியாக 5 மணிக்கு, வழக்கமான தென்னந்தோப்புக் களத்தில் கூடுகிறோம். உள்ளூர்க்காரர்கள் ஆறு பேர், நெல்லையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வருகிற விருந்தினர் மூன்று பேர். ஒருவருக்குப் பத்து நிமிடம். தலைமையுரை, பொன்னாடை எதுவும் கிடையாது. கவிதையை விளக்கும் முன்னுரையும் வேண்டாம். விளக்கம் கவிதையைவிட நீண்டுபோன அனுபவம் நமக்குப் போதுமான அளவு இருக்கிறது.

வாசிப்பவர்கள் தாள்களை அட்டையில் கவ்வி போட்டு எடுத்து வாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று பொள்ளாச்சிப் பக்கம் யாரையும் மதிப்பதில்லை. சென்ற ஆண்டு நம் நண்பர் ஒருவரின் இரண்டாம் பக்கம் பறந்து வாய்க்காலில் விழுந்தது. அவர் ஒரு கணம் தாளில்லாத கையைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு மீதியை நினைவிலிருந்தே சொன்னார். அன்று உண்மையாகக் கைதட்டல் வாங்கியது அந்த ஒரு கவிதைதான்.

கடைசி அரை மணி நேரம் பழைய கவிதைகளுக்கு. 1971இல் கோவையிலிருந்து வெளிவந்த ‘வானம்பாடி’ இதழின் கவிதைகளில் பிடித்த ஒன்றை யாரும் வாசிக்கலாம். உரக்கப் படிக்கும்போதுதான் அவற்றின் வேகம் தெரியும்.

இரவுக்கு அரிசிம்பருப்புச் சாதமும் தயிரும். கோவை செல்பவர்கள் பஸ் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே எழுதிவிடுங்கள், உலை வைக்கிறவர்கள் கேட்கிறார்கள்.