ஒரே வண்ணம், இரண்டு சீனியாரிட்டிப் பட்டியல்

சிகாகோ,
18 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதியடைந்தோம். இங்கே அனைவரும் நலம். குளிர் தொடங்கிவிட்டது, அதைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன். நீங்கள் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுதவே இந்தத் தாள்கள் போதுமா என்று தெரியவில்லை.

விமானத்தின் வாலில் பெரிய நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது, டிக்கெட்டிலும் அவர்கள் பெயர்தான் இருக்கிறது, அப்படியிருக்க அதை ஓட்டும் விமானியான நான் அவர்களுடைய ஊழியர் இல்லை என்று சொல்வது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் சிற்றூர்களுக்கான தடங்களில் பெரும்பாலானவற்றை எங்களைப் போன்ற ரீஜனல், அதாவது சிறு விமானங்களை ஓட்டும் வட்டார நிறுவனங்களிடம் விட்டிருக்கின்றன. டிக்கெட் விற்பதும், கட்டணத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பதும் அவர்கள். விமானிகளையும் பணிப்பெண்களையும் வைத்துச் சம்பளம் கொடுத்து ஓட்டுவது எங்கள் நிறுவனம். இத்தனை விமானம், இத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்து எங்கள் நிர்வாகத்துக்குப் பணம் வந்துவிடும். பொன்மலை ரயில்வே பணிமனையில் நீங்கள் பார்த்த நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி கதைதான் இது. ஆனால் இங்கே இரு தரப்புக்கும் சங்கம் உண்டு, பல இடங்களில் ஒரே சங்கம். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆல்பா என்ற விமானிகள் சங்கம் யுனைடெட், டெல்டா விமானிகளுக்காகவும் பேசுகிறது, அவர்களுக்காகப் பறக்கும் பல ரீஜனல் விமானிகளுக்காகவும் பேசுகிறது. அமெரிக்கன் நிறுவன விமானிகளுக்கு மட்டும் தனிச் சங்கம்.

பெரிய நிறுவன விமானிகளின் ஒப்பந்தத்தில் ஸ்கோப் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நிர்வாகம் எவ்வளவு பறத்தலை வெளியே கொடுக்கலாம் என்பதற்கு அது போடும் வரம்புதான் எங்கள் பிழைப்பின் எல்லை. பொதுவாக 76 இருக்கைகளுக்கு மேலோ, புறப்படும்போது 86,000 பவுண்டு எடைக்கு மேலோ உள்ள விமானத்தை ரீஜனல் நிறுவனம் ஓட்டக்கூடாது. அதற்குள் அடங்கும் விமானங்களுக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு. இந்தப் பிரிவுக்கு எவ்வளவு வலிமை என்றால், விமானத்தின் வடிவத்தையே அது தீர்மானிக்கிறது. 70 பேர் உட்காரக்கூடிய ஒரு ஜெட்டில் இருக்கைகளைக் கழற்றி 50 ஆக்கி, மிஞ்சிய இடத்தில் பெட்டிகள் வைக்கும் அலமாரிகளும் பயணிகள் தாங்களே எடுத்துக்கொள்ளும் தின்பண்டத் தட்டும் வைத்து, சிஆர்ஜே-550 என்று பெயரிட்டு 2019-இல் பறக்கவிட்டார்கள். பயணிக்கு அது சொகுசு. உண்மையில் 50 இருக்கைக் கணக்குக்குள் விமானத்தை அடக்குவதற்குச் செய்த வேலை. விமானம் தயாரிக்கும் எம்ப்ரேயர் நிறுவனம் புது எஞ்சினோடு செய்த இ175-இ2 என்ற ஜெட் எரிபொருளை மிச்சப்படுத்தும். ஆனால் எடை வரம்பைத் தாண்டிவிட்டதால் இங்கே வாங்குவாரில்லை.

இந்த வரம்பை நினைத்து நானும் ஒரு காலத்தில் எரிச்சல்பட்டதுண்டு. எங்கள் காக்பிட்டில் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி உண்டு, ஜம்ப் சீட் என்பார்கள்; வேலைக்குப் போகும் மற்ற நிறுவன விமானிகள் அதில் இலவசமாக வரலாம். சென்ற மாதம் பெரிய நிறுவனக் கேப்டன் ஒருவர் அதில் வந்தார். வயது அறுபதுக்கு மேல். தரையிறங்கி, பயணிகள் இறங்கும்வரை காத்திருந்த நேரத்தில், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு தன்னை ஆட்குறைப்பில் வெளியே அனுப்பினார்கள் என்றும், தான் வீட்டில் இருந்த அந்த ஆண்டுகளில் தான் பறந்த தடங்களில் 50 இருக்கை ஜெட்டுகள் அதே வண்ணத்தோடு பறந்தன என்றும் சொன்னார். "உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை அம்மா, ஆனால் ஸ்கோப்பில் ஒரு இருக்கைகூட விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றார். நிரந்தர வேலையைத் துண்டு துண்டாக வெளியே கொடுத்ததை நீங்களும் எதிர்த்தவர்தானே. அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் வேறு என்ன பேசியிருப்பீர்கள்?

எங்கள் பக்கத்து நியாயமும் சிறியதில்லை. டெல்டாவுக்குச் சொந்தமாக இருந்த காம்ஏர் என்ற ரீஜனல் நிறுவனத்தின் விமானிகள் 2001-இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு காம்ஏர் விமானிகளும் ஏஎஸ்ஏ என்ற இன்னொரு ரீஜனல் நிறுவனத்தின் விமானிகளும் சிலர் தங்கள் சங்கமான ஆல்பாவின் மீதே வழக்குப் போட்டார்கள். எங்கள் சந்தாவையும் வாங்கிக்கொண்டு, நாங்கள் எந்த விமானத்தை ஓட்டலாம் என்பதைப் பெரிய நிறுவன விமானிகளோடு பேசி முடிக்கிறீர்களே என்பது அவர்களின் வாதம். அந்த வாதம் எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது. காம்ஏர் 2012-இல் மூடப்பட்டது. ஒரு ரீஜனல் நிறுவனத்தின் விமானிகள் சம்பளம் கேட்டால், அந்த விமானங்களைக் குறைந்த கூலிக்கு ஓட்டும் இன்னொரு நிறுவனத்துக்குப் பெரிய நிர்வாகம் மாற்றிவிடலாம். அந்த அச்சம் ஒவ்வொரு பேச்சுவார்த்தை மேசையிலும் உட்கார்ந்திருக்கும்.

இங்கு விமானிகளின் வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்துவது 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 1936-இல் விமானத் துறையையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சட்டப்படி ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஒப்பந்தம் முடிவதில்லை. மத்தியஸ்த வாரியம் சமரச முயற்சியைக் கைவிட்டு, அதற்குப் பிறகும் 30 நாள் பொறுத்தபின்தான் வேலைநிறுத்தம். 1974 ரயில்வே வேலைநிறுத்தத்தில் நீங்கள் வெளியேறியதுபோல இங்கே வெளியேற முடியாது.

இனி சீனியாரிட்டி. வேலையில் சேர்ந்த தேதியை வைத்து ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எந்த ஊரில் பணி, எந்த விமானம், எப்போது கேப்டன், எந்த மாதம் விடுப்பு, தீபாவளியன்று வீட்டிலா வேறு ஊர் ஓட்டலிலா என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான். மாதந்தோறும் நாங்கள் விருப்பங்களைக் கணினியில் போடுவோம். அது மேலிருந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வரும், அடியில் இருப்பவர்களுக்கு எஞ்சியது ரிசர்வ், அதாவது தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் இதை நான் மதிக்கிறேன் என்றால் வியப்பாக இருக்கும். மேலதிகாரியின் தயவுக்கு இதில் இடமே இல்லை. கொடுமை என்னவென்றால், இந்த எண் நிறுவனத்தின் வாசலைத் தாண்டாது. பத்து வருடம் கேப்டனாகப் பறந்தவரும் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால், அன்று சேர்ந்த இளைஞனுக்குப் பக்கத்தில் பட்டியலின் அடியில் உட்கார வேண்டும். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே பட்டியல் போடலாமே என்ற பேச்சு பழையது. மேலே இருப்பவர் எவரும் தன் எண்ணை இழக்கச் சம்மதிப்பதில்லை. எங்களில் பாதிப் பேரும் நாளை அங்கே போய்விடுவோம் என்ற எண்ணத்தில், இங்குள்ள சண்டையை அரைமனதோடுதான் போடுகிறோம். இது எந்த நிர்வாகத்துக்கும் கசக்காது.

எங்கள் சம்பளம் உயர்ந்ததற்கு ஒரு துக்கமும் காரணம். 2009 பிப்ரவரி 12 அன்று கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயரில் டிக்கெட் விற்கப்பட்ட, கோல்கன் ஏர் என்ற ரீஜனல் நிறுவனத்தின் விமானம் பஃபலோ அருகே விழுந்து, வீட்டில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்தது தவறு என்பது விசாரணை முடிவு. ஆனால் அந்த விசாரணையில்தான், துணை விமானியான இளம்பெண்ணின் ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்பதும், அவர் சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து நெவார்க்கிற்கு வேலைக்கு வந்தார் என்பதும் நாட்டுக்குத் தெரிந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடி 2010-இல் சட்டம் கொண்டுவரச் செய்தன. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் வேண்டும். இணையத்தில் டிக்கெட் வாங்கும்போதே எந்த நிறுவனம் ஓட்டுகிறது என்று காட்டவும் வேண்டும். ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 2016-இல் ரிபப்ளிக் என்ற ரீஜனல் நிறுவனம் விமானிகள் பற்றாக்குறையையும் காரணம் காட்டித் திவால் பாதுகாப்புக் கேட்டது. 2022-இல் பீட்மான்ட், என்வாய் என்ற ரீஜனல் நிறுவனங்கள் 50 சதவீதம் கூடுதல் ஊதியம் அறிவித்தபின் மற்றவையும் உயர்த்தின. நான் உங்களுக்குப் பணம் அனுப்ப முடிவது அதனால்தான்.

புதிய சண்டை வயதைப் பற்றியது. விமானிகளின் ஓய்வு வயதை 65-லிருந்து 67 ஆக்க வேண்டும் என்று ரீஜனல் நிறுவனங்களின் அமைப்பு கேட்டது, ஆல்பா எதிர்த்தது. 2024 மே மாதம் வந்த விமானத் துறைச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. மேலே ஒருவர் ஓய்வு பெற்றால்தான் கீழே ஆயிரம் பேருக்கு எண் ஒன்று நகரும். ஆகவே இந்த விஷயத்தில் நான் முழு மனதோடு சங்கத்தின் பக்கம்.

பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். போயிங் விமானங்கள் தாமதமாவதால் யுனைடெட் மே, ஜூன் மாதங்களில் ஆள் எடுப்பதையே நிறுத்தி வைத்திருந்தது. எல்லா இடத்திலும் வரிசை நீண்டிருக்கிறது. அழைப்பு வந்தால் மறுபடியும் ரிசர்வ், மறுபடியும் பண்டிகை நாளில் வேலை. உங்கள் மாப்பிள்ளை போகத்தான் சொல்கிறார். தங்கையின் கல்யாணத்துக்குத் தை மாதம் என்று பேசியிருக்கிறீர்கள். ஜனவரி விடுப்பெல்லாம் எனக்கு மேலே இருப்பவர்கள் எடுத்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்திருப்பது பிப்ரவரி கடைசி வாரமும் மார்ச் முதல் வாரமும். மாசியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறதா என்று சம்பந்தி வீட்டில் கேட்டு, இம்மாத முடிவுக்குள் தெரிவியுங்கள். அதற்குள் வேறு யாராவது விடுப்பை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறார்களா என்று நானும் இங்கே கேட்டுப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்,
பூங்கொடி