அம்மாவை வள்ளத்தில் ஏற்றியவர்களுக்கும், உப்பாற்றில் வாய்க்கால் வெட்டியவர்களுக்கும்

திருகோணமலை
2026 ஜூன்

அன்புக்குரியவர்களே,

இந்த மடலை மூன்று தடவை தொடங்கி நிறுத்திவிட்டேன். யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று பிடிபடவில்லை. கடைசியில், தண்ணீர் வந்த ஒழுங்கிலேயே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாறக் குடாவில் வந்து விழுகிறது. இருபது வருடமாகப் புவியியல் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் அந்த ஆற்றை எத்தனை தரம் கீறியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனாலும் 2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் கரையேறி, நகரத்தில் எங்கள் வீட்டுக் கூரையில் நாலு ஓடு மட்டும் போனபோது, தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மலையகத்தில் கொட்டிய மழை இனித்தான் இறங்கி வரும் என்பது படிப்பிக்கிறவளுக்கே உறைக்கவில்லை. கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மலைகளைச் சரித்த அதே தண்ணீர் பிறகு மூதூர்ப் பக்கம் வந்தது. மாவிலாற்றில் அணைக்கட்டு உடைப்பெடுத்தது. மூதூருக்குத் தெற்கே, வயலோரத்து வீட்டில், 74 வயதான என் அம்மா தனியே இருந்தா.

தொலைபேசி வேலை செய்யவில்லை. மூன்று நாள் அம்மா உயிரோடு இருக்கிறாவா என்று எனக்குத் தெரியாது.

மீன்பிடி வள்ளத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, தார் வீதி முடிகிற இடத்தில் இறக்கி, வயலுக்கு மேலால் ஓட்டிப் போன மூதூர்த் தம்பிமார் நாலு பேருக்கு என் முதல் வணக்கம். அம்மா தன்னுடைய மறியாட்டை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்று நின்றாவாம். வெள்ளம் இழுக்கிற நேரத்தில் வேறு யாரும் என்றால் அதட்டியிருப்பார்கள். உங்களில் ஒருவர் "ஆட்டையும் ஏத்துங்க, உம்மாவையும் ஏத்துங்க" என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா அழுகிறா. இயந்திரத்துக்கு ஊற்றிய மண்ணெண்ணெய்க் காசைக்கூட நீங்கள் வாங்கவில்லை. அந்த வள்ளம்தான் உங்கள் சீவியம் என்பதும், அடிப்பக்கம் வேலிக்கம்பியில் கிழிபட்டு இரண்டு கிழமை நீங்கள் தொழிலுக்குப் போகவில்லை என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது.

மூதூர்ப் பட்டினத்தில் அம்மாவைப் பதினொரு நாள் வைத்துப் பார்த்த ராத்தாவுக்கு எப்படி நன்றி எழுதுவது? உங்கள் வீட்டில் அந்த நேரம் இருபத்தாறு பேர். வெள்ளிக்கிழமை அம்மா மச்சம் தொடமாட்டா என்று நீங்களாகக் கேட்டு அறிந்து, மேலே கட்டி வைத்திருந்த புதுச் சட்டி ஒன்றை இறக்கிப் பருப்பும் கீரையும் தனியாகச் சமைத்தீர்கள். கிண்ணியாப் பாலம் வருமுன்னர், பாதை என்கிற மிதவைப் படகில் தண்ணீரைக் கடந்த காலத்தில், உங்கள் தகப்பனும் என் தகப்பனும் ஒரே கடையில் தேத்தண்ணீர் குடித்தவர்கள் என்று அங்கே வைத்துத்தான் தெரிந்ததாம். இடையில் வந்த வருடங்களில் தமிழர், முஸ்லிம்கள் என்ற எங்கள் இரண்டு சனத்துக்கும் நடுவில் நடந்தவை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி நீங்களும் ஒரு சொல் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

அம்மா வந்து சேர்ந்தா. நான்தான் வந்து சேரவில்லை.

ஜனவரியில் பாடம் நடத்தப் போனேன். புவி வெப்பமடைதல் அலகு. 2024ஆம் ஆண்டுதான் கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகைக்கு மேல் சூடான முதலாவது ஆண்டு என்று எழுதினேன். காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெய்கிற மழை ஊற்றுகிற மழையாகிறது என்று விளக்கினேன். இலங்கையில் ஓராள் வெளிவிடுகிற காபனீரொட்சைட்டு உலகச் சராசரியின் நாலில் ஒன்றுக்கும் குறைவுதான் என்று சொல்லும்போது என் குரல் உயர்ந்தது. நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்டவர்களைப் புதைத்த பிறகு அதை எப்படி அமைதியாகச் சொல்வது? அப்போது தரம் 11 பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், எனக்கு நாப்பது வயசாகேக்க மூதூர் இருக்குமா?"

அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். என் ஆசிரிய வாழ்வில் நான் செய்த பிழைகளில் இதைவிடப் பெரியது இல்லை.

அதற்குப் பிறகு நித்திரை இல்லை. இரவிரவாகக் கடல்மட்டம், பனிப்பாறை, உணவு விலை என்று வாசிப்பேன். 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றதும், பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததும் ஒத்திகைதான், உண்மையான சரிவு இனித்தான் என்று மனம் சொல்லும். என் மகனைப் பெற்றதே பிழையோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன். கணவர் என்னை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த வைத்தியர் என் பயத்தைப் பொய் என்று சொல்லவில்லை. "இதை யாரோட கதைச்சிருக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். யாரோடும் இல்லை. அந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி, டொக்டர். நீங்கள் தந்த குளிசைக்கும்தான்.

நான் முதலில் கதைத்தது அம்மாவோடு. 1964 டிசம்பர்ச் சூறாவளியைப் பதின்மூன்று வயதில் கண்டவ. பிறகு யுத்தம், இடம்பெயர்வு, 2004இல் சுனாமி. உலகம் சரிந்துவிடும் என்று நான் அழுதபோது, "எத்தினையாவது தரம்?" என்று கேட்டா. கேலியாக இல்லை, உண்மையாகவே எண்ணிப் பார்க்கிறவ போல. எனக்கு முன்னால் வருகிற காலமாகத் தெரிந்தது அவவுக்குப் பின்னால் கிடக்கிறது. அதற்குள்ளேதான் அவ என்னைப் பெற்றா, வளர்த்தா, படிப்பித்தா. ஆனால் முந்திய புயல்களுக்கும் இப்போது வருவனவற்றுக்கும் வித்தியாசம் உண்டு, கடல் சூடாகிக்கொண்டே போகிறது என்று நான் விடாமல் வாதாடினேன். அதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஆக்களோட இரு" என்றா.

அப்படித்தான் உப்பாற்றுக்கு வந்தேன். அங்கே வலை வீசுகிற பெரியவரே, உங்களை நான் முன்னரும் கண்டிருக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்காது. சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒரே நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, கரையோரச் சேற்றில் வளர்கிற கண்டல் மரம் நட வந்த கூட்டம். படமெடுத்தோம், போனோம். நட்டதில் ஒன்றும் மிஞ்சவில்லை. சுனாமிக்குப் பிறகு நாட்டில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களைப் பின்னர் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, ஒன்பதில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நீங்கள் அந்த ஆய்வை வாசித்ததில்லை. ஆனால் காரணத்தை எனக்கு ஐந்து நிமிடத்தில் சொன்னீர்கள்: "பிள்ள, கண்டலுக்குத் தண்ணி ஏறவும் வேணும், இறங்கவும் வேணும். எந்நேரமும் தண்ணிக்குள்ள நிண்டா மூச்சடைச்சுச் செத்துப் போகும். நீங்க அத நட்டது மீன் நிக்கிற இடத்தில."

இந்த முறை எங்களை ஒரு கன்றும் நட விடவில்லை நீங்கள். பழைய மண்கட்டு ஒன்று அடைத்திருந்த வாய்க்காலைக் காட்டி, அதை வெட்டித் திறக்கச் சொன்னீர்கள். பெப்ரவரி தொடங்கி ஆறு சனிக்கிழமை. கிண்ணியாப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், எங்கள் வகுப்புப் பிள்ளைகள், விடுமுறை நாளையும் எங்களுக்குத் தந்த சிங்களத் தாதி ஒருவர், மண்வெட்டி இரவல் தந்த கடைக்காரர், ஒவ்வொரு சனியும் ஒரு பானை கஞ்சி கொண்டுவந்த அக்கா. ஆறாவது சனி பின்னேரம் கட்டு உடைந்தது. ஓதம் உள்ளே போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் கண்டற்காய்கள் பிறகு தாமாகவே மிதந்து வந்து சேற்றில் குத்திக்கொண்டன. போன கிழமை எண்ணினோம், பதினேழு. அடுத்த வெள்ளத்தை இந்தப் பதினேழு தடுக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிரவு, பல மாதத்துக்குப் பிறகு, விடியும்வரை தூங்கினேன்.

இன்னொரு நன்றி பத்து வருடம் பிந்தி வருகிறது. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தபோது எதிர்த்து நின்றவர்களே, 2006இல் இடம்பெயர்ந்து ஒரு தசாப்தம் கழித்து மண்ணுக்குத் திரும்பிய கையோடு மறுபடியும் வீதிக்கு வந்தவர்களே, நான் அன்று வரவில்லை. அரச உத்தியோகம், சின்னப் பிள்ளை, பயம் எல்லாம் இருந்தன. உங்களால் ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தேன். 2016 செப்டெம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்தப் பக்கம் சூரிய மின்நிலையத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். கொட்டியாறக் குடாவில் நிலக்கரிச் சாம்பல் விழாமல் இருப்பதற்கு உங்கள் வெயிலும் வியர்வையும் ஒரு காரணம். நானும் என் பிள்ளையும் அந்தக் குடாவின் மீனைத்தான் சாப்பிடுகிறோம்.

தம்பலகாமத்து அப்பு, நீங்கள் தந்த பச்சைப்பெருமாள் விதைநெல் பத்திரமாக இருக்கிறது. 2021இல் அரசாங்கம் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்த எல்லாரும் திகைத்து நின்றபோது, அரை ஏக்கரில் நீங்கள் விடாமல் காத்த நெல் இது. வாங்கும்போது விலை கேட்டேன். விளைந்தபின் இரண்டு மடங்காகத் திருப்பித் தரவேண்டும், உங்களுக்கு அல்ல, வேறொருவருக்கு என்றீர்கள். வெள்ளம் வடிந்த அம்மாவின் துண்டு வயலில் புரட்டாதியில் விதைக்கிறோம்.

கடைசியாக, அந்தத் தரம் 11 பிள்ளைக்கு.

மார்ச் மாதம் உன்னைத் தேடி வந்து பதில் சொன்னேன். மூதூர் இருக்குமா என்று எனக்குத் தெரியாது என்றேன். கடல் உயர்கிறது, ஆற்றுமுகம் தாழ்ந்த நிலம், அடுத்த இருபத்தைந்து வருடத்தில் உலகம் எவ்வளவு எரிக்கும் என்பதில்தான் பாதி தங்கியிருக்கிறது, அந்தப் பாதி எங்கள் கையில் பெரிதாக இல்லை என்றெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெரியாதெண்டு சொன்னதுக்கு நன்றி டீச்சர்" என்றாய். நன்றி சொல்ல வேண்டியவள் நான், மகள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் வாய்க்காலில் நட்ட கம்பில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்து உன் கொப்பியில் எழுதுகிறாய். பரீட்சைக்கு அது வராது என்று தெரிந்தும் எழுதுகிறாய். அந்தக் கொப்பியை நனையாமல் வை. கம்பு சாய்ந்திருக்கிறது, வருகிற சனி நேராக்குவோம்.

அம்மா எல்லாருக்கும் சுகம் சொல்லச் சொன்னா. வள்ளத்தில் வந்த மறி சித்திரையில் இரண்டு குட்டி போட்டது. ஒன்று ராத்தாவின் மகளுக்கு என்று சொல்லிக் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறா. பால் மறந்தவுடன் கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
புவியியல் டீச்சர்