கிரேக்கத் தத்துவம் முடிந்துபோன பாடமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் தத்துவக் கட்டுரையில், "பிளேட்டோ, அரிஸ்டாட்டில் பற்றி இனி ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?" என்று கட்டுரையாளர் போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஏதென்ஸ் அரசியலமைப்பு பற்றி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கிய நூல் பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்தது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் என்ற நாணல்தாள் சுருள்களில், ஒரு பண்ணையின் வரவு செலவுக் கணக்குக்குப் பின்பக்கம் அதை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். 1891இல்தான் அச்சேறியது. பழைய கிரேக்கத் தத்துவஞானி எம்பெடோக்ளீஸின் வரிகள் இருந்த பாப்பிரஸ் துண்டுகள் 1904இல் வாங்கப்பட்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் கிடந்தன. அவை அவருடையவை என்று கண்டுபிடித்து நூலாக வெளியிட 1999 ஆகிவிட்டது. கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை கரியாக்கிய, ஹெர்குலேனியம் நகரத்துச் சுருள் ஒன்றைப் பிரிக்காமலேயே, ஸ்கேன் எடுத்துக் கணினி வழியாக 2023இல் ஒரு சொல்லை வாசித்தார்கள். அப்புறம் இன்பம் பற்றிய தத்துவ வாதமே வரிவரியாக வந்தது. மிச்சம் என்ன என்று கேட்கிறவர் இதையெல்லாம் விசாரித்திருக்க வேண்டாமா?

இந்தப் பேச்சு எனக்குப் புதிதும் அல்ல. நான் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்தியவள். துறையை மூடும் கூட்டத்தில், "அதெல்லாம் முடிந்துபோன பாடம் மேடம்" என்றுதான் நிர்வாகத்தில் சொன்னார்கள். ஓரங்களில் மாணவர்கள் பென்சிலால் குறித்து வைத்திருந்த பிளேட்டோ தொகுதிகள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின.

உங்கள் பொன்மொழிப் பகுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதுவே நாம்" என்பதை அரிஸ்டாட்டில் பெயரில் போடுகிறீர்கள். அரிஸ்டாட்டிலை விளக்கும்போது 1926இல் அமெரிக்க எழுத்தாளர் வில் டூரண்ட் எழுதிய வாக்கியம் அது. முன்பே எழுதிப்போட்டேன். என் கடிதம் வரவில்லை, பொன்மொழி மறுபடி வந்தது. சாக்ரடீஸ் "தமது நூலில்" சொன்னதாகவும் ஒரு தடவை போட்டீர்கள். அவர் ஒரு நூலும் எழுதவில்லை. அவருடைய மாணவர்கள் பிளேட்டோவும் செனஃபோனும், நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸும் காட்டுகிற சாக்ரடீஸ் ஒரே ஆளாகவும் இல்லை. இதில் எது அவர் குரல் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இதற்குப் பெயர் முடிந்துபோன பாடமா?

நான் கேட்பது சின்ன விஷயம். பிளேட்டோவை மேற்கோள் காட்டினால் கூடவே ஸ்டெஃபானஸ் எண்ணையும் போடுங்கள். ஸ்டெஃபானஸ் என்ற அச்சகர் 1578இல் அச்சிட்ட பிளேட்டோ பதிப்பின் பக்க எண்தான் இன்றும் நல்ல மொழிபெயர்ப்புகளின் ஓரத்தில் இருக்கிறது. "ஆராயாத வாழ்க்கை வாழத் தகுந்ததல்ல" என்ற வரிக்குக் கீழே, அது வரும் பிளேட்டோவின் நூலையும் இடத்தையும் காட்டி "அப்பாலஜி 38ஏ" என்று இருந்தால் போதும், எந்த மாணவரும் எந்தப் பதிப்பிலும் அந்த இடத்தை எடுத்துவிடுவார். அரிஸ்டாட்டிலுக்கு 1831ஆம் ஆண்டு பெக்கர் பதிப்பின் எண்கள் இருக்கின்றன. எண் கிடைக்காத பொன்மொழியைத் தயவுசெய்து போடாதீர்கள்.

இந்தக் கடிதத்தையாவது வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தத்துவ ஆசிரியை