நகரச் சங்கப் பெரியவங்களுக்கு, புள்ளிக் கணக்குல பழசு மேல எழுதாதீங்க

எங்க ஊர் நகரத்தார் சங்கத்துல காரியம் பாக்குற பெரியவங்களுக்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

எங்க ஐயா, அதாவது தாத்தா, தவறி மூணு வருஷம் ஆச்சு. நம்ம வழக்கத்துல கல்யாணமான ஜோடி ஒரு முழுப்புள்ளி, கணவர் தவறிட்டா மனைவி அரைப்புள்ளி, புள்ளியை வச்சுத்தான் சங்க வரி. ஆயாவை, எங்க பாட்டியை, அரைப்புள்ளியா மாத்தச் சொல்லி அப்பவே எழுதிக் குடுத்தோம், மாத்தியும் குடுத்தாக, அடுத்த ரசீது சரியாத்தான் வந்துச்சு. இந்த வருஷம் பாத்தா ஐயா பேருல முழுப்புள்ளிக்கு வரி வந்துருக்கு. ஆயா அந்த ரசீதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

என்ன நடந்திருக்கும்னு எனக்கு ஒரு அனுமானம் இருக்கு. நம்மள்ல ஐயா பேரைத்தான பேரனுக்கு வைக்கிறோம், பெரியப்பச்சி (பெரியப்பா) மகனுக்கும் அதே பேரு, குடும்ப விலாசமும் ஒண்ணு, அவனுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆச்சு, புதுப்புள்ளின்னு கம்ப்யூட்டர் கணக்குல புதுசா ஒரு ரோ, அதாவது ஒரு பதிவு, போடுறதுக்குப் பதிலா யாரோ ஐயாவோட ரோவைத் தேடி எடுத்து அதுலயே அப்டேட் அடிச்சிருக்காக. ஆனா இதை நிரூபிக்க வழியே இல்ல, ஏன்னா அப்டேட் அடிச்ச நிமிஷமே பழசு போயிருச்சு. முன்னாடி என்ன இருந்துச்சு, யாரு மாத்துனது, என்னைக்கு, எதுக்கு, ஒண்ணும் கிடையாது.

அதனாலதான் கூட்டத்துல எல்லாரும் கணக்குப்பிள்ளை அண்ணனைப் பாத்தாக. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றது அவர்தானாம். அந்த ஒரே லாகினோட பாஸ்வேர்டு எனக்குத் தெரிஞ்சே நாலு பேருக்குத் தெரியும், சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தவுகளும் வெளிய இருந்து உள்ள வரலாம். அவர் நான் மாத்தலைன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு அப்புறம் நின்னுக்கிட்டே இருந்தார். எனக்கு அதைத் தாங்க முடியல, இந்த மடலே அதுக்காகத்தான்.

நான் டேட்டாபேஸ் வேலை பாக்குறவன். இது பெரிய செலவு பிடிக்கிற விஷயம் இல்ல. புள்ளிப் பதிவெல்லாம் இருக்குற பட்டியல்தான் புள்ளி டேபிள், அதுக்குப் பக்கத்துல ஆடிட் டேபிள்னு இன்னொண்ணு வைக்கணும். புள்ளி டேபிள்ல ஒரு ரோ சேந்தாலோ மாறுனாலோ அழிஞ்சாலோ ட்ரிகர்னு ஒண்ணு தானா ஓடி பழைய மதிப்பு, புது மதிப்பு, யாரு, எப்போன்னு அந்த டேபிள்ல ஒரு வரி எழுதிடும். ரெண்டும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள, அதாவது ஒண்ணாச் சேத்து முடியுற ஒரே வேலையா, ஓடுறதால மாத்தம் பதிவானா வரியும் பதிவாகும், மாத்தம் ரத்தானா வரியும் ரத்தாகும்.

சிங்கப்பூர்ல இருந்து வந்த எங்க ஐயாவோட பேரேடு இன்னும் வீட்டுல இருக்கு. தப்பாப் போச்சுன்னா ஒரே கோடு, கீழ பழைய தொகை தெரியணும், பக்கத்துல சரியான தொகை, கையெழுத்து. சுரண்டுன இடம் ஒண்ணுகூடக் கிடையாது.

சாஃப்ட்வேர்காரவுக ட்ரிகர் போட்டோம்னு சொன்னா அதோட விட்டுறாதீங்க, ஆடிட் டேபிள்ல யாருங்கற கட்டத்துல என்ன விழுதுன்னு கேளுங்க. அப்ளிகேஷன், அதாவது நாம திறந்து வேலை பாக்குற சாஃப்ட்வேர், டேட்டாபேஸுக்குள்ள போறது ஒரே பேருல, அதனால எல்லா வரியிலயும் அந்த ஒரே பேருதான் வரும், அது இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். ஆளுக்கொரு லாகின் குடுத்து, உள்ள வந்த ஆளோட பேரை அப்ளிகேஷன் ஒவ்வொரு மாத்தத்தோடயும் டேட்டாபேஸுக்குச் சொல்லணும். டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்கள்ல எஸ்கியூஎல் சர்வர்ல 2016லயே, மரியாடிபில 2018ல வந்த 10.3லயே, டேபிளே தன்னோட பழைய ரோக்களை வச்சுக்குற வசதி வந்துருச்சு, நல்ல வசதிதான், ஆனா அதுவும் என்ன எப்போன்னு சொல்லுமே ஒழிய யாருன்னு தானாச் சொல்லாது.

அடுத்தது, ஆடிட் டேபிள்ல எழுத மட்டும்தான் அனுமதி இருக்கணும், திருத்தவோ அழிக்கவோ தலைவருக்குக்கூடக் கூடாது. மைஎஸ்கியூஎல்னு ஒரு டேட்டாபேஸ்ல ட்ரங்கேட்னு டேபிளை மொத்தமாக் காலி பண்ணுற கட்டளையை அடிச்சா, அழிக்கிறப்ப ஓட வேண்டிய டெலீட் ட்ரிகர் ஓடவே ஓடாது, டேபிளே காலியாயிரும், அந்த உரிமையையும் அப்ளிகேஷன்கிட்ட இருந்து எடுத்துருங்க. நேரத்தை யூடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல, வைங்க, மலேசியாவுல இருந்தும் நம்ம ஆளுக பாக்குறாக, ரெண்டரை மணி நேர வித்தியாசத்துல தேதியே மாறிரும். எதுக்கு மாத்துனோம்னு காரணம் எழுதாம சேவ் ஆகக்கூடாது, தவறிட்டாக, கல்யாணம், எழுத்துப்பிழைன்னு ஒரு சொல்லு போதும்.

பேக்கப் இருக்கேன்னு கூட்டத்துல ஒரு அண்ணன் சொன்னாக. பேக்கப் அன்னைக்கு ராத்திரி எப்படி இருந்துச்சுன்னுதான் காட்டும், நடுவுல யாரு கை வச்சான்னு காட்டாது. நம்ம பேக்கப் வேற வாரம் ஒண்ணு பழசு மேலயே விழுது.

கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1ல இருந்து கணக்கு சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு திருத்தமும் தேதியோட பதியணும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவே முடியக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. நம்ம சங்கம் கம்பெனி இல்ல, அந்த விதி நம்மளைக் கட்டாது. ஆனா நம்ம புள்ளிக் கணக்கை வச்சுத்தான் யாரு எந்தக் கோயில், எந்தப் பிரிவுன்னு பேசுறோம், இளையாத்தங்குடிக் கோயிலுக்குள்ளயே ஏழு பிரிவு இருக்கு, ஒரு எழுத்து மாறி விழுந்தது கல்யாணத்துக்குக் கோயில் மாலை வாங்கப் போற அன்னைக்குத் தெரிஞ்சா அந்த வீட்டுல என்ன நடக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

புது சாஃப்ட்வேருக்கு முன்பணம் குடுக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். குடுக்குறதுக்கு முன்னாடி மேல சொன்னதெல்லாம் எழுத்துல வாங்குங்க, நான் வந்து உக்காந்து சரிபாத்துத் தர்றேன், காசு வேண்டாம். பழைய நோட்டுல இருந்து ஆயாவோட பதிவையும் சரி பண்ணிக் குடுங்க.

கணக்குப்பிள்ளை அண்ணன்கிட்ட அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்காம வீட்டுக்கே போய்ப் பேசிருங்க. அவர்தான் பண்ணார்னு சொல்ல நம்மகிட்ட ஒரு வரிகூட இல்ல.