மெதுவாகப் போனால் போதுமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி விட்டு மறுபடியும் சைக்கிளில் ஏறிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். குறுவை அறுப்பு நடக்கிறது, மழைக்கு முன்னால் முடிய வேண்டுமே என்பதுதான் ஊர்க் கவலை.

கடைத்தெருவுக்குப் போய்வர ஹெல்மெட் எதற்கு, மெதுவாகப் போனால் போதாதா என்று கேட்டிருந்தாய். நிதானமாகப் போவதுதான் முதல் காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருவையாறு–கும்பகோணம் ரோட்டை இப்போது வந்து பார். பாதி ரோட்டில் நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருக்கிறார்கள். சைக்கிள்காரன் நடு ரோட்டுக்குத்தான் போயாக வேண்டும். சிதறிக் கிடக்கும் நெல்மணி டயருக்கு அடியில் உருளும். அங்கே பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். தூறல் விழுந்து ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை பிடிக்கவே பிடிக்காது. வேகம் பாதியானால் மோதுகிற சக்தி கால்வாசியாகிவிடும். வாய்க்கால் மதகில் நாய் குறுக்கே வந்தாலும் காலை ஊன்றி நின்றுகொள்ளலாம்.

ஆனால் ஒன்றை நீ யோசிக்கவில்லை. மெதுவாகப் போகிறவன் விழுவது குறைவு. விழுந்துவிட்டால், தலை தரையில் போய் அடிக்கிற வேகம் பெரும்பாலும் அது விழுகிற உயரத்தால்தான். ஐரோப்பியத் தரச் சோதனையில் சைக்கிள் ஹெல்மெட்டைச் சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுகிறார்கள். அடிக்கும்போது வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை. நாம் தடுமாறி விழுகிற வேகமும் ஏறத்தாழ அதுதான். அதனால் நம் வயசுக்காரர்களும் பிள்ளைகளும் பெரிய ரோட்டில் போட்டுக்கொள்வது நல்லது என்பேன். படித்துறை வரைக்கும் போகிறவனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கட்டாயச் சட்டம் மட்டும் வேண்டாம். நம் மோட்டார் வாகனச் சட்டம் ஹெல்மெட் கேட்பது மோட்டார் சைக்கிளுக்குத்தான், அது அப்படியே இருக்கட்டும். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1990-இல் சைக்கிளுக்கும் கட்டாயமாக்கியது. அதன் பிறகு பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது குறைந்ததாக அங்கே எடுத்த கணக்குகள் காட்டின. நெதர்லாந்தில் அன்றாடம் ஓட்டுகிறவர்களில் அநேகம் பேர் போடுவதில்லை. அங்கே சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கிறது. இங்கே விடியற்காலையில் கேரியரில் புல்லுக்கட்டு வைத்து ஓட்டி வருகிற பெரியவருக்கு அபராதச் சீட்டு எழுதி என்ன ஆகப்போகிறது?

அவருக்கு ஆபத்து பின்னால் வருகிற பஸ்ஸும் லாரியும். அந்த வேகத்துக்கு முன்னால் நுரை வைத்த ஹெல்மெட் எவ்வளவு தாங்கும்? அரசு கொடுத்த சைக்கிளில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம், பஸ், லாரி ஓட்டுகிறவன் ஹாரனை அழுத்திக்கொண்டு அவர்களைப் புழுதியில் இறக்கிவிட்டுப் போகிறான். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டியவன் அவன். பள்ளி வாசலில் வேகத்தடை கேட்டு நாங்கள் சிலர் பஞ்சாயத்தில் மனுக் கொடுக்கப்போகிறோம்.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுகிற சிவப்பு விளக்கு இரண்டு வாங்கி வா. ஒன்று எனக்கு, இன்னொன்று அந்தப் புல்லுக்கட்டுப் பெரியவருக்கு.

அன்புடன்,
கணேசன்