பெஞ்சுப் பலகைகள் ஏன் இன்னும் வரவில்லை?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பூங்கா பெஞ்சு, நூலக அலமாரி, ஓடைமேல் நடைபாலம் என நீங்கள் கேட்ட மரம் எங்கள் மரவாடியில்தான் இருக்கிறது. அறுத்தும் ஆகிவிட்டது. சாலையில் போகும்போதே அடுக்கு கண்ணில் படுகிறதே, பிறகு ஏன் தாமதம் என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அது இன்னும் பச்சை மரம். முன்பு ஒருமுறை அவசரம் என்று சரியாகக் காயாத பலகைகளைப் பெஞ்சுக்குக் கொடுத்துவிட்டோம். சில மாதங்களில் பலகை வளைந்தது, ஆணி மேலே எழும்பியது, ஓரமெல்லாம் சிலாம்பு. ஒரு குழந்தையின் உள்ளங்கையில் ஏறியதை அதன் அம்மா ஊசியால் எடுத்தபோது நாங்கள் பக்கத்தில் நின்றிருந்தோம். அந்தப் பெஞ்சை மாற்றிக் கொடுத்தோம். ஆனால் அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் சுருக்கமே தொடங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. மரத்தை அறுத்த முகத்தில் தெரியும் வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்குவதைப்போல் சுமார் 2 மடங்கு. பலகை கோணுவது இதனால்தான். ஆகவே அது சுருங்கி முடிக்கட்டும், அப்புறம் இழைப்போம் என்று காத்திருக்கிறோம். நிழலில் அடுக்கி, வரிசைக்கு வரிசை ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்துக் காற்று ஓடவிட்டிருக்கிறோம். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் வெடிப்பு விழும் என்பதால் அங்கே மெழுகு பூசியிருக்கிறோம். 1 அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. மரத்தையும் காற்றையும் பொறுத்து முன்பின் ஆகும்.

பெஞ்சுப் பலகையின் ஈரம் 20 சதவீதத்துக்கு நன்றாகக் கீழே வந்ததும் தருவோம். அந்த அளவில் பூஞ்சை பிடிக்காது. நூலக அலமாரி கூரைக்குள் நிற்பது, இன்னும் காய வேண்டும். அதனால் அந்தப் பலகைகளை மட்டும் சூட்டில் மரம் உலர்த்தும் சூளைக்கு அனுப்புகிறோம். நடைபாலத்துக்கு வைரம், அதாவது மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான பகுதி மட்டும்தான். பட்டையை ஒட்டிய வெளிறு எவ்வளவு காய்ந்தாலும் மழையில் நனைந்து நனைந்து உளுத்துவிடும். பாலத்தில் நடக்கப்போவது நம் பிள்ளைகள். இதில் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

சரி, எப்போது கிடைக்கும்? முதலில் பெஞ்சு, அடுத்து அலமாரி, கடைசியில் பாலம். சந்தேகம் இருந்தால் நேரில் வாருங்கள். ஈரம் பார்க்கும் மீட்டரை உங்கள் கையிலேயே தருகிறோம். எந்தப் பலகையிலும் குத்திப் பாருங்கள்.